கணீர்க் குரல் பொய்யர்களின் நாயகன்

தேடுபொறியில் 'பில் ஹார்ட்மன்' என்று அடித்து முடிப்பதற்குள் மிச்சத்தை அதுவே எழுதிக் காட்டிவிடுகிறது. எப்படி இறந்தார், யார் சுட்டது, வீடு எங்கே, கடைசிப் படம் எது. இருபது வருஷத்துக்கும் மேலாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் உழைத்த ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகரை ஒரே ஒரு இரவு விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிறவர்கள் அதற்காகவே காத்திருப்பீர்கள். 1998 மே 28 அதிகாலையில், லாஸ் ஏஞ்சலஸின் என்சினோ பகுதியிலிருந்த வீட்டில், தூங்கிக்கொண்டிருந்தவரை அவருடைய மனைவியே சுட்டுக் கொன்றார். சில மணி நேரத்தில் அவரும் தன்னைச் சுட்டுக்கொண்டார். ஹார்ட்மனுக்கு அப்போது வயது 49. சரி, இனி அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

எனக்குள் குடைந்துகொண்டிருப்பது வேறு விஷயம். மேடை மிமிக்ரி செய்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டுவிழா என்று ஓடிக்கொண்டே இருப்பவர். குரல் விஷயத்தில் அவர் காது பொய் சொல்லாது. அவரிடம் ஹார்ட்மனின் சில துண்டுகளைப் போட்டுக் காட்டினேன்: கிளின்டன், ரீகன், ஃபிராங்க் சினாட்ரா, அப்புறம் 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் வரும் வக்கீல். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்றாரு. ஆனா இவருக்குன்னு ஒரு குரல் இல்லையே, கவனிச்சியா?" என்றார். குறையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அது அடங்கவில்லை.

ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியில் ஹார்ட்மனோடு மேடையேறியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடம் சாண்ட்லர் வாயைத் திறந்தாலே சாண்ட்லர் என்று தெரியும். கிறிஸ் ஃபார்லியின் உடம்பை எந்த வேஷத்துக்குள்ளும் ஒளித்துவைக்க முடியாது. ஹார்ட்மன் மட்டும் எட்டு வருஷம் வாராவாரம் திரையில் இருந்தும், வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தெருவில் நடந்துபோனால் பக்கத்து வீட்டு வங்கி மேனேஜர் மாதிரிதான் இருப்பார். நடுத்தர உயரம், அகலமான தாடை, வாரிவிட்ட முடி. உடன் நடித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பசை'. எல்லாரையும் ஒட்டவைக்கிறவர் என்ற பாராட்டுதான் அது. ஆனால் ஒட்டிய பிறகு பசை கண்ணுக்குத் தெரியாது என்பதும் அதற்குள் இருக்கிறது. நண்பர் சொன்னதைத்தான் இவர்களும் இன்னொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இருந்தாலும் இந்த வாதம் எங்கோ இடறுகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது எங்கே என்று தேடி அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அட்டைப்படம் வரைந்தவர்

ஹார்ட்மன் பிறந்தது 1948இல், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராண்ட்ஃபர்ட் என்ற ஊரில். எட்டுப் பிள்ளைகளில் நான்காவது. அப்பா கட்டுமானப் பொருட்கள் விற்கும் விற்பனையாளர். பையனுக்குப் பத்து வயது ஆகும்போது குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, கடைசியில் கலிபோர்னியாவில் வந்து நின்றது. கல்லூரியில் படித்தது ஓவியமும் வரைகலையும். நடுவில் படிப்பை விட்டுவிட்டு ஒரு ராக் இசைக்குழுவோடு சாமான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். திரும்பி வந்து படித்து, சொந்தமாக டிசைன் தொழில் தொடங்கினார். அண்ணன் இசைக்குழுக்களுக்கு மேனேஜராக இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட ஆல்பம் அட்டைகள் அவர் கையில் உருவாயின. 'அமெரிக்கா' குழுவின் 1975 தொகுப்பு, 'போகோ' குழுவின் 'லெஜண்ட்' ஆல்பத்தில் சில கோடுகளிலேயே எழுந்து நிற்கும் குதிரை, கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் லோகோ எல்லாம் அவர் கைவேலை. அந்த ஆல்பங்களை வாங்கி வைத்திருந்தவர்களில் பலருக்கு, அட்டையை வரைந்தவரும் பின்னாளில் டிவியில் பார்த்துச் சிரித்தவரும் ஒரே ஆள் என்று தெரியவே தெரியாது.

எனக்கு இந்தப் பகுதி பிடித்திருக்கிறது. டிசைன் வேலை என்பது அடுத்தவன் முகத்தை வரைகிற வேலை. பாட்டு அவர்களுடையது, பெயர் அவர்களுடையது, பணமும் பெரும்பாலும் அவர்களுடையது. வரைகிறவன் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்தில் ஒரு மூலையில் வரும். ஆனால் அந்த வேலையில் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஒரு உருவத்தில் எந்த நான்கு கோடு இருந்தால் போதும், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பார்க்கிற பழக்கம். பின்னாளில் ஒரு ஜனாதிபதியையோ ஒரு பாடகரையோ அவர் எடுத்துக்கொண்டபோது எல்லாவற்றையும் காப்பியடிக்கவில்லை. கிளின்டனுக்குத் தொண்டை கம்மிய ஒரு இழுவை, உதட்டைக் கடித்துக்கொள்வது, கட்டை விரலை முஷ்டிமேல் வைத்து அழுத்திப் பேசுவது. அவ்வளவுதான். மீதியைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

1975இல், வயது 27 நடக்கும்போது, லாஸ் ஏஞ்சலஸில் புதிதாகத் தொடங்கியிருந்த 'தி கிரவுண்ட்லிங்ஸ்' நாடகக் குழுவின் மாலை வகுப்புகளில் சேர்ந்தார். ஸ்டுடியோவில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து வரைவது அலுத்துப்போயிருந்த காலம். நிகழ்ச்சி பார்க்க வந்த இடத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கே தாவிவிட்டார் என்பது பலரும் சொல்லும் கதை. பகலில் அட்டைப்படம், ராத்திரி மேடை என்று வருஷக்கணக்கில் ஓடியது. அங்கே சிக் ஹசார்ட் என்று 1940களின் துப்பறிவாளர் பாணியில் ஒரு பாத்திரத்தைப் பிடித்து வளர்த்தார். அங்கேயே பால் ரூபன்ஸோடு சேர்ந்து பீ-வீ ஹெர்மன் என்ற பாத்திரத்தை உருவாக்க உதவினார். 1985இல் வந்த 'பீ-வீஸ் பிக் அட்வென்ச்சர்' படத்தின் திரைக்கதையில் மூன்று பெயர்களில் ஒன்று ஹார்ட்மனுடையது. படம் ஓடியது. புகழ் பீ-வீக்குப் போனது. அது இயல்புதான், குட்டைச் சூட்டும் சிவப்பு போ டையும் போட்டுக்கொண்டு திரையில் நின்றவர் ரூபன்ஸ்.

1986 அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' குழுவில் சேர்ந்தபோது ஹார்ட்மனுக்கு வயது 38. கூட வந்தவர்களில் பலர் அவரைவிட இளையவர்கள். அந்த வயதில் அங்கே நுழைவதே அபூர்வம்.

சனிக்கிழமை இரவு

அந்த நிகழ்ச்சியின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாரத் தொடக்கத்தில் ஒன்றுமே இருக்காது. எழுத்தாளர்கள் விடிய விடிய எழுதி, புதன்கிழமை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். சனிக்கிழமை மாலை பார்வையாளர்களை வைத்து ஒரு முழு ஒத்திகை. எடுபடாத ஸ்கிட்டுகளை, அதாவது குட்டி நகைச்சுவை நாடகங்களை, அங்கேயே வெட்டிவிடுவார்கள், மற்றவற்றைக் கடைசி நிமிஷம்வரை திருத்துவார்கள். அதனால் வசனத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. கேமரா பக்கத்தில் ஆள் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய அட்டைகளைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு நேரலை. யாராவது சிரித்துவிட்டால், யாராவது வரி தவறினால், இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஹார்ட்மன் பக்கவாத்தியக்காரர் மாதிரி. பாடகர் எங்கே போனாலும் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே போவார்.

இதற்கு நல்ல உதாரணம் 1993 மே 8 ஒளிபரப்பான ஸ்கிட். கிறிஸ் ஃபார்லி, மாட் ஃபோலி என்ற ஊக்கப் பேச்சாளராக முதல் முறையாக அந்த மேடைக்கு வருகிறார். பிள்ளைகள் இருவரும் வழிதவறிப் போகிறார்கள் என்று பெற்றோர் ஆள் வைத்து அழைத்து வந்திருக்கிறார்கள். அப்பாவாக ஹார்ட்மன், அம்மாவாக ஜூலியா ஸ்வீனி. ஃபார்லி கால்சட்டையை மேலே மேலே இழுத்துக்கொண்டு, தான் ஆற்றங்கரையில் ஒரு வேனுக்குள் குடியிருப்பதைக் கத்திக் கத்திச் சொல்கிறார். கடைசியில் டீப்பாய்மேல் விழுந்து அதை நொறுக்குகிறார். மகனாக நடித்த டேவிட் ஸ்பேடும் மகளாக நடித்த கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். இப்போது அதை மறுபடி ஓடவிட்டு ஹார்ட்மனை மட்டும் பாருங்கள். கையில் ஒன்றும் இல்லை, வசனமும் அதிகமில்லை. காசு கொடுத்துக் கூட்டி வந்த ஆள் இப்படியா என்கிற சங்கடத்தோடும், இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏதாவது உறைத்துவிடாதா என்கிற நப்பாசையோடும் நிற்கிறார். ஃபார்லி செய்கிற அத்தனை கூத்தும் சிரிப்பாவதற்குக் காரணம், அந்த அறையில் ஒருவராவது இதை நிஜம் என்று நம்பிக்கொண்டு நிற்பதுதான். அவரும் சிரித்திருந்தால் அது நண்பர்கள் கூடி அடிக்கிற கூத்தாகியிருக்கும்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் நண்பர் கட்சிக்குத்தான் சாதகம். அடுத்தவரைத் தாங்கிப் பிடிக்கிறார், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரே நடுவில் நின்ற ஸ்கிட்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது.

அவர் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், 1986 டிசம்பர் 6 அன்று வந்தது ரீகன் ஸ்கிட். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்திருந்த நேரம். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ரீகன் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கிட்டில் அதிகம் பிஸ்கட் விற்ற சாரணச் சிறுமி ஒருத்தி ஜனாதிபதியைப் பார்க்க வருகிறாள். ஹார்ட்மனின் ரீகன் தாத்தா போலக் குழைந்து, தடுமாறி, அவளை வழியனுப்பிவைக்கிறார். கதவு மூடியதுதான் தாமதம், முதுகு நிமிர்கிறது, குரல் இறுகுகிறது, சுற்றி நிற்கும் அதிகாரிகள் திணறத் திணறக் கட்டளை பறக்கிறது. வட்டிக்கணக்கு மனசிலேயே ஓடுகிறது. மறுபடி யாராவது விருந்தாளி வந்தால் உடனே தாத்தா. இரண்டு குரல்களுக்கும் நடுவே மூச்சுவிடுகிற நேரம்கூட இல்லை.

1991இல் வந்த 'உறைபனியிலிருந்து மீண்ட குகைமனித வக்கீல்'. ஜாக் ஹாண்டி எழுதியது. பனியில் உறைந்துபோன ஆதிமனிதனை விஞ்ஞானிகள் உருக்கி எழுப்ப, அவன் சட்டம் படித்து வக்கீலாகிவிடுகிறான். புடைத்த புருவ எலும்புக்குக் கீழே கச்சிதமான கோட்டும் டையும். ஜூரியின் முன்னால் நின்று, நான் ஒரு சாதாரண குகைவாசி, உங்கள் நவீன உலகம் எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்கிற பாணியில் உருகுகிறான். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும் என்று அடுத்த வரியில் என் கட்சிக்காரருக்கு இத்தனை மில்லியன் நஷ்ட ஈடு வேண்டும் என்று முடிக்கிறான். அந்தத் தாழ்மை முழுக்க முழுக்க வியாபாரம்.

அப்புறம் 1992 டிசம்பர் 5. கிளின்டன் தேர்தலில் ஜெயித்துவிட்டார், இன்னும் பதவியேற்கவில்லை. ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பியவர் வழியில் மெக்டொனால்ட்ஸுக்குள் நுழைகிறார். மக்களோடு பேசுகிறேன் என்று மேசை மேசையாகப் போகிறார், ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சோமாலியாவுக்கு அமெரிக்கப் படை போகிற செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. ஒருவர் அதைப் பற்றிக் கேட்கிறார். உடனே மேசையிலிருக்கும் சாப்பாட்டை வைத்தே விளக்கம் நடக்கிறது. இதோ நிவாரணப் பொருள், இது மக்களுக்குப் போக வேண்டியது, நடுவில் ஆயுதக் குழுத் தலைவன் வந்து பறித்துக்கொள்கிறான் என்று சொல்லிக்கொண்டே அதை வாயில் திணிக்கிறார். அடுத்த கப்பல் வருகிறது, அதையும் பறிக்கிறான், அதுவும் வாய்க்குள். கன்னம் உப்புகிறது, பேச்சு நிற்கவில்லை, விளக்கத்தில் ஒரு பிழை கிடையாது. சோமாலியா நிலவரத்தை இவ்வளவு தெளிவாக அன்று எந்தச் செய்தி வாசிப்பாளரும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சாப்பாட்டைப் பறிகொடுத்தவர்களும் அதைக் கவனிக்காமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான். 'சாட்டர்டே நைட் லைவ்' எடுத்த போலி விளம்பரத்தில் முப்பதாயிரம் கிண்ணம் ஓட்ஸுக்குச் சமமான நார்ச்சத்து ஒரே கிண்ணத்தில் என்று கேட்டு ஆச்சரியப்படுகிற காலை உணவு மேசைக்காரரும் அதே ஆள்தான். கணீரென்ற, நம்பத் தகுந்த, உங்கள் நலனில் அக்கறை உள்ள ஒரு குரல். அந்தக் குரல் தருவதாகச் சொல்வது ஒன்று, கையில் இருப்பது வேறு. அமெரிக்கத் தொலைக்காட்சி அரை நூற்றாண்டாக வளர்த்தெடுத்த அறிவிப்பாளர் குரல் அது. சோப்பு விற்றது, சிகரெட் விற்றது, ஜனாதிபதிகளையும் விற்றது. ஹார்ட்மன் அந்தக் குரலைக் கேலி செய்கிறேன் என்று கண்ணடித்துக் காட்டவில்லை. அதை முழு மனசாக, ஒரு நல்ல விற்பனையாளன் தன் சரக்கை நம்புகிற மாதிரி நம்பிப் பேசினார். அப்பாவின் தொழில் இதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நான் எடைபோடப் போவதில்லை, ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

தன் பெயரில் ஒரு நிகழ்ச்சி

1994 மே மாதம் அவர் அந்த நிகழ்ச்சியை விட்டு விலகினார். எட்டு சீசன், 153 நிகழ்ச்சிகள். அன்றைக்கு அது அந்த மேடையில் ஒரு சாதனை. வயது 45. குழுவில் அவரோடு தொடங்கியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அடுத்த தலைமுறையின் சிரிப்பு வேறு மாதிரி, உரக்க, முரட்டுத்தனமாக மாறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு பல்சுவை நிகழ்ச்சி திட்டமிடப்பட்டது. அவரே நாயகன், அவரே தொகுப்பாளர். அது திரைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. அந்த வகை நிகழ்ச்சிகளுக்கு அப்போது கூட்டம் சேரவில்லை என்பது ஒரு காரணம்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிக முக்கியமான இடமாகத் தெரிவது இதுதான். கிளின்டனும் இல்லை, ரீகனும் இல்லை. தன் பெயரைப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு வந்துபோன பிறகு அவர் என்ன செய்தார் என்பது. இன்னொரு தனி நிகழ்ச்சிக்கு அலைந்திருக்கலாம். சினிமாவில் நாயகனாக முட்டி மோதியிருக்கலாம். படங்களில் நடித்தார்தான், 'ஹவுஸ்கெஸ்ட்', 'சார்ஜன்ட் பில்கோ', 'ஜிங்கிள் ஆல் தி வே' என்று, எல்லாம் இரண்டாம் இடம். அவற்றில் எதையும் அவருக்காகவே உட்கார்ந்து பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 1995இல் தொடங்கிய 'நியூஸ்ரேடியோ' தொடரில், எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். நாயகன் டேவ் ஃபோலி. ஹார்ட்மனுக்குக் கிடைத்தது பில் மக்நீல் என்ற வானொலிச் செய்தி வாசிப்பாளர் வேடம்.

அதாவது, அதே குரல். எட்டு வருஷம் துண்டு துண்டாக, ஐந்து நிமிஷ ஸ்கிட்டுகளில், வேறு வேறு விக்குக்குக் கீழே செய்துகொண்டிருந்த ஆளுக்கு இப்போது ஒரு பெயர், ஒரு மேசை, ஒரு மைக், வாராவாரம் அரை மணி நேரம் கிடைத்துவிட்டது. மைக் திறந்திருக்கும்போது பில் மக்நீல் நியூயார்க் முழுவதும் நம்புகிற பெரியமனுஷக் குரல். மைக் மூடியதும் அற்பம், பொறாமை, சில்லறைத்தனம், தன் குரல்மேல் தனக்கே இருக்கிற காதல். பழைய ரீகன் ஸ்கிட்டை நினைத்துப் பாருங்கள். கதவு திறந்தால் ஒரு ஆள், மூடினால் ஒரு ஆள். அங்கே ஆறு நிமிஷத்தில் முடிந்துபோன சங்கதி இங்கே நான்கு சீசன் ஓடியது. நடுநடுவே அந்த அற்பத்துக்கு அடியில் ஒரு தனிமை தெரியும். அதை அவர் அழுத்தவே மாட்டார். ஒரு வசனத்தின் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டு, உடனே அடுத்த பொய்க்குப் போய்விடுவார். தனி நிகழ்ச்சி கிடைத்திருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது என்றே படுகிறது. விருந்தாளிகளை வரவேற்று, கைதட்டி, விளம்பர இடைவேளைக்கு வழிவிடுகிற நிஜத் தொகுப்பாளராகியிருப்பார். அவர் கேலி செய்து பிழைத்த ஆளாகவே அவர் மாறியிருப்பார்.

உடம்பில்லாத இடத்தில்

இந்தியாவில் என் வயதுக்காரர்கள் பலர் ஹார்ட்மனை முதலில் கேட்டது முகம் தெரியாமல்தான், ஸ்டார் வேர்ல்ட் சானலில் வந்த 'தி சிம்ப்ஸன்ஸ்' வழியாக. 1991 ஜனவரியில், இரண்டாவது சீசனில், லயனல் ஹட்ஸ் என்ற போலி வக்கீலாக வந்தார். அடுத்த மாதம் ட்ராய் மக்லூர், எல்லாராலும் மறக்கப்பட்ட சினிமா நடிகர். மொத்தம் 52 எபிசோடுகள். ஆனால் நிரந்தரக் குழுவில் அவர் கடைசிவரை இல்லை, விருந்தினராகவே வந்துபோனார்.

ஹட்ஸ் தன் விளம்பரத்தைக் கட்சிக்காரரிடம் நீட்டும் ஒரு இடம் உண்டு. ஜெயித்தால்தான் கட்டணம், முன்பணம் கிடையாது என்று அதில் இருக்கிறது. அச்சுப்பிழை என்று சொல்லிப் பேனாவை எடுத்து ஒரு கேள்விக்குறி, ஒரு காற்புள்ளி, ஒரு ஆச்சரியக்குறி போடுகிறார். முன்பணம் கட்டாயம் என்று அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. வேறு யார் பேசியிருந்தாலும் அந்த வரியில் ஒரு கள்ளச் சிரிப்பு ஒட்டியிருக்கும். ஹார்ட்மன் குரலில் அது நிஜமான உபகாரம். பிழையைத் திருத்திக் கொடுத்தேன் பாருங்கள் என்கிற பெருமை.

ட்ராய் மக்லூர் எப்போதும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டேதான் வருவார். இன்னின்ன படங்களில் என்னைப் பார்த்திருப்பீர்கள் என்று யாரும் பார்த்திருக்க முடியாத இரண்டு படங்களின் பெயரைச் சொல்வார். ட்ராய் டோனஹ்யூ, டக் மக்லூர் என்ற இரண்டு நிஜ நடிகர்களின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்கக் கார்ட்டூன்களில் குரலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள், படம் வரைகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் வாய் அசைவையும் முகபாவத்தையும் போடுவார்கள். ஆக, ட்ராயின் பற்கள் தெரியும் அந்தச் சிரிப்பு முதலில் குரலில் பிறந்து அப்புறம் தாளுக்கு வந்தது. ஹார்ட்மனுக்கு ட்ராய்மேல் தனிப் பிரியம். 'நியூஸ்ரேடியோ' படப்பிடிப்பில் இரண்டு டேக்குகளுக்கு நடுவில் பார்வையாளர்களை அந்தக் குரலில்தான் சிரிக்கவைப்பாராம். நிஜ மனிதர்கள் நடிக்கும் ட்ராய் மக்லூர் படம் ஒன்று எடுத்தால் நடிக்கவும் ஆசை இருந்தது. அவர் இறந்த பிறகு தயாரிப்பாளர்கள் ட்ராயையும் ஹட்ஸையும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு பேரையும் பேசவைப்பதையே நிறுத்திவிட்டார்கள். சொந்தக் குரல் இல்லாதவர் என்றால், நல்ல மிமிக்ரிக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டு வேலையை முடித்திருக்கலாமே.

'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' விஷயம் வேறு மாதிரி. ஜப்பானியப் படம், 1998இல் வந்த டிஸ்னியின் ஆங்கில டப்பிங்கில் ஜிஜி என்ற கறுப்புப் பூனைக்கு அவர் குரல். இங்கே படம் முதலில், குரல் அப்புறம். வரைந்து முடித்த வாய்க்குள் வசனத்தைப் பொருத்த வேண்டும். மூலத்தில் ஜிஜிக்கு ஒரு பெண் கலைஞரின் மென்மையான குரல், பேச்சும் அளவாகத்தான். ஹார்ட்மனின் ஜிஜி வாயாடி. பூனை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் காட்சிகளிலெல்லாம் சொந்தச் சரக்கு. மூலப்படத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் கிகி என்கிற சூனியக்காரச் சிறுமிக்குப் பூனையின் பேச்சு கேட்காமலே போய்விடும், அவள் வளர்ந்துவிட்டாள். டிஸ்னி பதிப்பில் பூனை கடைசியில் மறுபடி பேசும். 2010இல் வந்த பதிப்பில் அந்த வாயாடித்தனத்தில் நிறைய வெட்டிவிட்டார்கள். படத்துக்கு அதுதான் நியாயம், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஜிஜி வாயை மூடிக்கொள்கிற படம்தான் நல்ல படம். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குப் போடுவதென்றால் பழைய பதிப்பைத்தான் தேடுவேன். ஹார்ட்மன் கொஞ்சம் கட்டுமீறிப் போன அபூர்வமான இடம் அது.

'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரை உருவாக்கிய மாட் க்ரோனிங்கின் அடுத்த தொடரான 'ஃப்யூச்சராமா'வில் ஸாப் பிரானிகன் என்ற விண்வெளிக் கப்பல் தலைவன் வேடம் அவருக்காக வைத்திருந்தது. மார்பை நிமிர்த்திய, தொண்டை திறந்த, மூளை குறைந்த வீரன். அதைப் பிறகு பில்லி வெஸ்ட் எடுத்துக்கொண்டார், பிரமாதமாகச் செய்தார். ஹார்ட்மன் வராமல் போன இடத்தில்கூட அந்தக் கணீர்க் குரல் பொய்யன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தொடரின் நாயகன் ஃபிரைக்கு பிலிப் என்ற முதல் பெயர் வந்ததும் இவர் நினைவாகத்தான்.

அவரைத் தெரியாதவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், மெக்டொனால்ட்ஸ் ஸ்கிட்டை எல்லாரும் சொல்வார்கள். நான் 1996 மார்ச்சில் வந்த 'எ ஃபிஷ் கால்டு செல்மா' என்ற சிம்ப்ஸன்ஸ் எபிசோடைச் சொல்வேன். ட்ராய் மக்லூருக்கென்றே எழுதியது. விழுந்துபோன மார்க்கெட்டைத் தூக்கி நிறுத்த ட்ராய் காதலில்லாமல் ஒரு கல்யாணம் செய்துகொள்கிறார், அதன் பலனாக ஒரு மேடை இசை நாடகம் கிடைக்கிறது. 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' கதையைப் பாட்டாக்கிய நாடகம். குரங்குகளுக்கு நடுவே ட்ராய் நின்று பாடுகிறார். ட்ராய் மோசமான பாடகர் இல்லை. சுமாரான பாடகர், தன்னைப் பெரிய பாடகர் என்று நம்புகிறவர். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை ஹார்ட்மன் சுருதி விலகாமலே பாடிக் காட்டுகிறார்.